இரண்டெழுத்துக்கு ஒரு வீடு

"தொலியெல்லாம் எங்கட்டி கொட்டுன?"

காலை ஒன்பதே காலுக்குள் வந்த இருபத்தோராவது அழைப்பு இது. எங்கோ ஒரு சமையலறையில் யாரோ ஒரு மாமியார் மருமகளிடம் வெங்காயத் தொலிக்குக் கணக்குக் கேட்கிறாள். அதற்கு இங்கே பேராச்சியின் மேஜையில் மணி அடிக்கிறது. பேராச்சி வாயைத் திறக்காமலே இணைப்பை வெட்டி, 'தப்பு அழைப்பு' என்ற கட்டத்தைத் தட்டினாள். தட்டித் தட்டி அந்த இடத்தில் மேஜைக் கண்ணாடியே மழுங்கிப் போயிருந்தது.

செவி வந்த பிறகு வீடுகளில் தொலைபேசி எண்களும் போயின, திரைகளும் போயின. வீட்டுக்கு வீடு சுவரில் சிரட்டை அளவில் ஒரு செவி. ஒரு பெயரை வாக்கியத்தின் முதலில் வைத்துக் குரலை உயர்த்திச் சொன்னால், அந்தப் பெயர் யாருக்குச் சொந்தமோ அவரோடு அது இணைத்துவிடும். சொன்ன வாக்கியம் முழுசாகப் போய்ச் சேரும். மெல்லப் பேசினால் கண்டுகொள்ளாது. இல்லாவிட்டால் வீட்டில் பேசுகிற ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு கடைக்காரன் வந்து நிற்பானே. ஒரு சொல்லுக்கு ஒரே சொந்தக்காரர், அதுதான் சட்டம். 'காபி' யாரிடமோ இருக்கிறது, 'கல்யாணம்' யாரிடமோ இருக்கிறது. பேராச்சியிடம் இருந்தது 'தொலி'.

அவள் கேட்டது 'தோழி'. வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்கள் கூப்பிடுவதற்கு ஒரு பெயர். வண்ணார்பேட்டையில் இரண்டு அறை, அழைப்புகளைக் கேட்பதற்கு அவளும் மேலப்பாளையத்து ராபியாவும், ஏரியாவுக்கு இரண்டு பெண்கள். கூப்பிட்டது யார் என்று தெரிந்ததும் அந்த ஏரியாப் பெண்கள் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, "உறைமோர் கொஞ்சம் கிடைக்குமா?" என்பார்கள். உறைமோர் கேட்டு வந்தவளை வாசலிலேயே விரட்ட எந்த ஆம்பிளைக்கும் சட்டென்று வாய் வராது. அவன் யோசிப்பதற்குள் இவர்கள் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள். இதுதான் அவர்கள் தொழில். இதற்குப் போய் பழத்தோலின் பெயர்.

எல்லாம் பெயர்ப் பதிவகத்துக் கோமதிநாயகம் அண்ணாச்சி செய்த வேலை. பெயரைப் பதிவகத்து ஆள்தான் இயந்திரத்திடம் சொல்ல வேண்டும், விண்ணப்பதாரர் சொல்லக் கூடாது. அப்படி ஒரு விதி. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தோளி" என்றார்.

"அண்ணாச்சி, ழி. நாக்கை மடிச்சுச் சொல்லுங்க."

"மடிச்சுத்தானம்மா சொல்லுதேன். தோளி."

இயந்திரம் யோசித்தது. தோளி என்று ஒரு சொல் அதன் பட்டியலில் இல்லை. தோழியோ ஏற்கெனவே வேறொருவருக்குச் சொந்தம். பக்கத்தில் காலியாக இருப்பது தொலி, அதைப் போடலாமா என்று கேட்டது. சாப்பாட்டு நேரம். அண்ணாச்சி டிபன் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சரி என்றுவிட்டார். சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகுதான் பேராச்சி பார்த்தாள்.

"இதை மாத்திக் குடுங்க அண்ணாச்சி. எழவு, இந்தப் பேர வச்சுக்கிட்டு நான் எப்படி வெளிய தலைகாட்ட?"

"ஏறின பேரு ஏறினதுதாம்மா. வேணும்னா வேற பேரு வெலைக்கு வாங்கி மாத்திக்கிடலாம். வாங்குனா இதை ஒப்படைச்சிரணும், ஆளுக்கு ஒரு பேருதான். இது கீழ்வகைப் பட்டியல்ல கெடந்த சொல்லு, வருஷத்துக்கு ஐநூறு ரூவா கட்டினா போதும். லாபம்னு நெனச்சுக்கிடுங்க."

லாபம். அந்த லாபத்தைத்தான் தினமும் முந்நூறு தடவை காதில் வாங்குகிறாள். வெங்காயத் தொலி, பூண்டுத் தொலி, வழுக்கி விழ வைத்த வாழைப்பழத் தொலி. அது போதாதென்று இந்த ஊர்க்காரர்கள் வாயில் சதா இருக்கிற அந்த வசனம் வேறு. "தொலிய உரிச்சிருவேன்" என்று அப்பன் பிள்ளையை மிரட்டுவான், வாத்தியார் மாணவனை மிரட்டுவார், அம்மை நாயை மிரட்டுவாள். எல்லாம் வாக்கியத்தின் முதலில், எல்லாம் உச்சக் குரலில். அத்தனையும் நேரே இங்கே வந்து விழும். ஆஸ்பத்திரியிலோ ஸ்டேஷனிலோ யாராவது பெயரைச் சொல்லிக் கொடுத்து உண்மையிலேயே கூப்பிடுகிறவர்கள் வாரத்துக்கு நாலைந்து பேர். அவர்களிடமும் பேராச்சி, "தோழி பேசுறேன்" என்றுதான் சொல்வாள். தொலி என்று ஒரு நாளும் தன் வாயால் சொன்னதில்லை. அத்தனை வெட்கம்.

தோழி ஆதிமூலத்திடம் இருந்தது. அவர் சொல் தரகர், ஆளுக்கு ஒரு பேர் என்ற விதி தரகர்களுக்குக் கிடையாது. செவி வருவதற்கு முன்பே வாசனை பிடித்து, நல்ல சொல்லாக நானூறு சொல் வாங்கிப் போட்டவர். அம்மா, வீடு, நம்பிக்கை எல்லாம் அவரிடம்தான் இருந்தன, விற்றுவிட்டார். தோழியை ஒரு முகப்பூச்சுக் கம்பெனிக்கு மாத வாடகைக்கு விட்டிருந்தார். விலை கேட்டால் எண்பது லட்சம்.

"ரெண்டு எழுத்துக்கு எண்பது லட்சமா? இது நியாயமா இருக்கா உங்களுக்கு?" என்று போன வருஷம் அவர் அலுவலகத்தில் நின்று சண்டையே போட்டாள்.

ஆதிமூலம் கோபப்படுகிற ஆள் இல்லை. மதுரையிலிருந்து இங்கே வந்தவர், எல்லோரையும் மேடம் என்பார். "எழுத்துக் கணக்குப் பாக்காதீங்க மேடம். பஸ் ஸ்டாண்டு வாசல்ல பத்தடி கடைக்கு என்ன வாடகை? காட்டுக்குள்ள பத்து ஏக்கருக்கு என்ன வாடகை? செங்கல்லுக்கா விலை, அங்கே நடக்குற காலுக்குத்தானே விலை?"

"சொல்லு என்ன, நீங்க கட்டின கடையா? ஊர் பேசுற பேச்சு. அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டு எங்ககிட்டயே விக்கியளே."

"நான் வாங்கலைன்னா வேற ஒருத்தன் வாங்கியிருப்பான். நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஒரு ஆபத்து வருது. யோசிக்க நேரமில்லை. அப்ப வாயில தானா என்ன சொல்லு வருதோ, அந்தச் சொல்லுக்குத்தான் விலை. எண்பது லட்சம்கிறது அந்த ஒரு நொடிக்கு. உங்க தொலிக்கு அது வருமா?"

பேராச்சி கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தாள். அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

போன மாதம் அதற்கான பதில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்திருந்தது. தச்சநல்லூர் தர்ஷினி, இருபத்தெட்டு வயது, இடது முழங்கை நொறுங்கிப் போய்க் கம்பி வைத்திருந்தார்கள். புருஷன் மாரியப்பன் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறவன்.

"தோழின்னு ஒண்ணு இருக்குன்னு யாரோ சொன்னாவக்கா," என்றாள் தர்ஷினி. "அவரு கட்டையைத் தூக்கும்போது தோழின்னு கத்தினேன். செவியில ஒரு பொம்பளைக் குரல் வந்துச்சு. ஆத்தாடி, ஆள் வந்தாச்சுன்னு நெனச்சேன். முகம் நிலா மாதிரி ஆகணுமான்னு கேட்டா. அதைக் கேட்டு அவரு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டேதான் அடிச்சாரு."

பேராச்சி கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள். "இனிமே எங்க பேரச் சொல்லிக் கூப்பிடு, என்ன" என்றாள். அந்தப் பெயர் என்ன என்று சொல்ல வரும்போதே நாக்குக் கூசியது. கை நொறுங்கிக் கிடக்கிறவளிடம் போய்ப் பழத்தொலி என்றா சொல்வது? "இன்னும் பத்து நாளு பொறு. தோழியே எங்க கைக்கு வந்துரும்."

"கூப்பிட்டாலும் அப்படித்தானக்கா. அவரு இருக்கும்போது நான் சத்தம் போட்டா அதுக்கு ரெண்டு சேத்து விழும். அந்த வீட்டுல சத்தம் போடுறது அவரு மட்டுந்தான்."

அதைப் பேராச்சி காதில் வாங்கினாள், மனசில் வாங்கவில்லை. அவள் மனசு முழுக்க எண்பது லட்சம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டை மகாராஜநகரில் அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு வீடு. இருபது வருஷம் நர்ஸ் வேலை பார்த்துக் கட்டியது. சமையலறை ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு மட்டும் கொத்தனாரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியிருந்தாள். ஆதிமூலத்துக்கும் அந்தத் தெருவில் ஒரு வீடு தேவைப்பட்டது. வீடு அவருக்கு, பேரு இவளுக்கு என்று இரண்டு நிமிஷத்தில் பேசி முடித்தார்கள்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றாள் ராபியா. "வீட்டைக் குடுத்துட்டு எங்க போய் இருப்ப?"

"இங்கதான். உள்ளறையில ஒரு கட்டில் போட்டா போச்சு. அவ மறுபடியும் அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கா ராபியா. வேற எங்க போவா? அடுத்த தடவை அவன் கட்டையை எடுக்கும்போது அந்த முகப்பூச்சுக்காரி பேசக் கூடாது. நாம பேசணும். அவ்வளவுதான்."

பழைய பெயரை ஒப்படைக்கும்போது அதில் பதிவாகிக் கிடக்கும் தப்பு அழைப்புகளையும் வீடு வாரியாகப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று பதிவகத்தில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். மூன்று வருஷக் குப்பை, மூன்று லட்சத்துக்கு மேல். பிரிக்கிறது இயந்திரம்தான், சரி பார்ப்பது ராபியா. முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

கையெழுத்துப் போடுகிற நாள் திங்கட்கிழமை. ஆதிமூலத்தின் அலுவலகத்தில் குளிர் கொஞ்சம் அதிகம். பத்திரம் மேஜையில் விரிந்திருந்தது. பேராச்சி முதல் பக்கத்தைப் புரட்டும்போது, காதில் மாட்டியிருந்த சின்னச் செவியில் ராபியா வந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்ல. ஏன்?"

"வெளிய வா. ஆளு இல்லாத இடத்துக்கு வா."

பேராச்சி மாடிப்படிக்கு வந்தாள்.

"தர்ஷினி ஆஸ்பத்திரியில சேர்ந்தது பதினாலாம் தேதி, சாயங்காலம். அப்படித்தானே?" ராபியாவின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "அன்னைக்கு அவ வீட்டுல இருந்து நமக்கு மூணு அழைப்பு வந்திருக்கு. நாலு பத்துக்கு ஒண்ணு. நாலு பன்னெண்டுக்கு ஒண்ணு. நாலு பதினேழுக்கு ஒண்ணு."

"நமக்கா? அவ தோழின்னுல்லா கத்தினா?"

"அவ கூப்பிடல. அவன் கூப்பிட்டிருக்கான்."

பேராச்சிக்குப் புரியவில்லை. ராபியா முதல் அழைப்பை ஓட விட்டாள். ஒரு நொடி இரைச்சல். பிறகு ஓர் ஆண் குரல்: "தொலிய உரிச்சிருவேண்டி." அதோடு வெட்டுப்பட்டது. இரண்டாவதும் அதே வசனம். மூன்றாவதில் வசனத்துக்குப் பின்னால் எதுவோ கீழே விழும் சத்தம், அதற்குப் பின்னால் மிக மெல்ல, "வேண்டாங்க" என்று ஒரு பெண் குரல். அதுவும் வெட்டுப்பட்டது.

"மூணையும் தப்பு அழைப்புன்னு தட்டினது..." என்று ராபியா நிறுத்தினாள்.

"நான்தான்," என்றாள் பேராச்சி.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். நாலு பத்து. அப்போது அவள் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பாள். இன்னொரு கையால் தட்டியிருப்பாள். கட்டை இறங்குவதற்குப் பத்து நிமிஷத்துக்கு முன்னாலேயே அந்த வீடு அவள் மேஜையில் மணி அடித்திருக்கிறது, அதுவும் மூன்று தடவை. தச்சநல்லூர்ப் பெண்கள் உறைமோர் கேட்டுப் போய்ச் சேர ஆறு நிமிஷம் போதும். முழங்கை முழுசாக இருந்திருக்கும். யார் யாரையோ குறை சொல்லிக்கொண்டு திரிந்தோமே, பாவி, வெட்டினது நான் அல்லவா?

"இன்னும் இருக்கு பேராச்சி," என்றாள் ராபியா. அவள் அழுகிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது. "அப்பன் பிள்ளையத் திட்டுறது, வாத்தியாரு திட்டுறது எல்லாம் வருது. வாரத்துக்கு ஒண்ணு, மாசத்துக்கு ஒண்ணு. ஆனா சில வீடு இருக்கு. ஒரே குரலு, வரும்போது ஒரே நாள்ல நாலு தடவை, அஞ்சு தடவை. அப்படி இருநூத்திப் பத்து வீடு. அந்த வீட்டுப் பொம்பளைங்க ஒருத்தர்கூட நம்மளைக் கூப்பிட்டதே இல்ல."

அந்த வீட்டில் சத்தம் போடுவது அவன் மட்டும்தான் என்று தர்ஷினி சொன்னது இப்போதுதான் பேராச்சிக்கு மனசில் ஏறியது. ஆபத்து நேரத்தில் வாயில் தானாக வருகிற சொல் என்று ஆதிமூலம் சொன்னதும் சரிதான். யார் வாயில் என்று மட்டும் அந்த மனுஷன் யோசிக்கவில்லை. இவளும் யோசிக்கவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"மன்னிச்சுக்கிடுங்க. நான் வாங்கல."

ஆதிமூலம் பேனாவை மூடினார். "விலை ஜாஸ்தின்னு தோணுதா மேடம்? எழுபத்தஞ்சுக்குப் பேசலாம்."

"விலை எல்லாம் இல்ல. வீட்டை விட மனசு வரல, அவ்வளவுதான்." பொய் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் நாளைக்கே ஒருவன் தொலியை மேல்வகைப் பட்டியலுக்கு ஏற்றி, அவளால் கட்ட முடியாத கட்டணம் போட்டு, ஏலத்தில் விடுவான் என்பது இந்த மூன்று வருஷத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அப்ப அந்தத் தொலியை வச்சுக்கிட்டே காலம் தள்ளப் போறீங்களா?" ஆதிமூலம் நிஜமாகவே வருத்தப்பட்டார். "சும்மா குடுத்தாக்கூட நான் அதை வாங்க மாட்டேன் மேடம்."

"நல்லது," என்றாள் பேராச்சி.

அவள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது ராபியா கண்ணாடியில் தப்பு அழைப்புக் கட்டத்தைத் துணியால் மூடி வைத்திருந்தாள். இது சரியா, ஒரு வீட்டுக்குள் இப்படிக் காதை வைப்பது முறையா என்று பேராச்சிக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகப்பட்டுக்கொண்டே மேஜையில் உட்கார்ந்தாள். வெங்காயத் தொலி ஒன்று வந்தது. ஒரு பள்ளிக்கூடம் வந்தது, பின்னால் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. இரண்டையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

செவ்வாயும் அப்படியே போனது. புதன்கிழமை மத்தியானம் மூன்று ஐம்பதுக்கு அந்தக் குரல் வந்தது.

"தொலிய உரிச்சிருவேண்டி, பாத்துக்கோ."

ராபியா வீட்டு எண்ணைப் பார்த்தாள். தச்சநல்லூர். அவள் எழுந்து பக்கத்து அறைக்கு ஓடி, அங்கிருந்த செவியில் தச்சநல்லூர்ப் பெண்களைக் கூப்பிட்டுக் கிளப்பினாள். திரும்பி வந்து வாசலில் நின்று ஆறு விரலைக் காட்டினாள். ஆறு நிமிஷம்.

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபட்டது. "கம்பி வச்ச கையி இருக்குங்கிற தைரியமாட்டி உனக்கு?" என்றது குரல். பெண் குரல் எதுவும் இல்லை.

ஆறு நிமிஷம் அவன் கை இறங்காமல் இருக்க வேண்டும். பேராச்சி வாயைத் திறந்தாள். மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்ற சொல், இப்போது எந்த வெட்கமும் இல்லாமல் வந்தது.

"வணக்கம். தொலி பேசுதேன்."

அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது.

"எவ அது?"

"தொலிதான் அண்ணாச்சி. உரிக்கணும்னு கூப்பிட்டியள்லா? யாருக்கு உரிக்கணும், எதுக்கு உரிக்கணும், சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

"நான் யாரையும் கூப்பிடல."

"கூப்பிட்டிய. போன மாசம் பதினாலாம் தேதி மூணு தடவை கூப்பிட்டிய. நான்தான் எடுக்கல. தப்பு என் பேர்ல. இன்னைக்கு எடுத்துட்டேன், மெதுவாச் சொல்லுங்க. எனக்கு வேற வேலை இல்ல."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா," என்றது குரல். அது பாதியாக இறங்கியிருந்தது. "வீட்டுக்குள்ள சொல்லுறது."

"சும்மா சொன்னதாவே இருக்கட்டும். முதல்ல இருந்து சொல்லுங்க. உங்க பேரு?"

அவன் பேரைச் சொன்னான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பேராச்சி அவன் வேலையைக் கேட்டாள், புக்கிங் ஆபீஸ் எந்தத் தெரு என்று கேட்டாள், அங்கே சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாள். ராபியா வாசலில் நின்று ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தாள். கடைசி விரல் மடங்குவதற்கு முன்னால் அங்கே கதவு தட்டும் சத்தம் செவியில் தெளிவாகக் கேட்டது.

"யம்மா தர்ஷினி, உறைமோர் கொஞ்சம் கிடைக்குமா?"

"இருக்குக்கா," என்றாள் தர்ஷினி. அந்த வீட்டிலிருந்து முதல் தடவையாக அவள் குரல் இங்கே உரக்கக் கேட்டது. "உள்ள வாங்க."